துப்பாக்கித் தொழிலின் மந்தம்: வாங்குபவர் குறைந்தாரா, ஆர்டர் குறைந்ததா?

நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கனெக்டிகட்டில் துப்பாக்கி உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் இன்ஜினியர் வேலை கிடைத்திருக்கிறது, 2020-ல் கொடிகட்டிப் பறந்த தொழில் இப்போது படுத்துக் கிடக்கிறது என்கிறார்கள், அமெரிக்கர்கள் துப்பாக்கி வாங்குவதை விட்டுவிட்டார்களா, இதில் சேர்ந்தால் வேலை நிலைக்குமா என்று எழுதியிருந்தீர்கள். வாங்குவதை விட்டுவிட்டார்களா என்பது கடைக்கு வரும் ஆளைப் பற்றிய கேள்வி. வேலை நிலைக்குமா என்பது ஆலையைப் பற்றிய கேள்வி. முதல் கேள்விக்கு 'இல்லை' என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அந்த 'இல்லை'யை நம்பி இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட முடியாது. பதில் நீள்வதற்குக் காரணம் அதுதான்.

நான் கோவைக்காரன். லேத் பட்டறை வைத்திருந்த குடும்பம். கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக உற்பத்தித் திட்டமிடும் வேலை பார்த்தேன், பெரும்பகுதி துப்பாக்கிக் கம்பெனிகளுக்குச் சிறு எஃகுப் பாகங்கள் செய்து கொடுத்த ஒரு பட்டறையில். ஸ்பிரிங்ஃபீல்டில் அரசாங்க ஆயுதசாலை 1794-ல் வந்ததிலிருந்து துப்பாக்கித் தொழில் வளர்ந்த இந்தப் பள்ளத்தாக்குக்கு 'கன் வேலி' என்று பெயர். ஆயுதசாலை 1968-ல் மூடப்பட்ட பிறகும் தொழில் தங்கிவிட்டது. ஆர்டர், கையிருப்பு, ஷிப்ட், கடன் இவை பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். துப்பாக்கிச் சட்டமும் துப்பாக்கியால் நேரும் சாவுகளும் இதைவிடப் பெரிய விஷயங்கள். அவற்றைப் பற்றிப் பேச அந்தத் துறைகளில் படித்தவர்கள் இருக்கிறார்கள், நான் இங்கே அதற்குள் போகவில்லை.

முதலில் எண்கள். அமெரிக்காவில் எத்தனை துப்பாக்கி விற்றது என்று மாதாமாதம் எண்ணிச் சொல்லும் அரசு அலுவலகம் எதுவும் இல்லை. எல்லோரும் பார்ப்பது என்.ஐ.சி.எஸ். என்ற எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக் கணக்கை. 1998 நவம்பர் இறுதியில் தொடங்கியது. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்புவார், அவர் துப்பாக்கி வாங்கச் சட்டத் தடை ஏதும் உண்டா என்று பார்க்கக் கடைக்காரர் அவர் பெயரைச் சோதனைக்கு அனுப்புவார். அந்தச் சோதனைகள் 2019-ல் 2.84 கோடி, 2020-ல் 3.97 கோடி, 2021-ல் 3.89 கோடி, 2022-ல் 3.16 கோடி. செய்தித்தாள்கள் இதை அப்படியே எடுத்து 'இத்தனை கோடி துப்பாக்கி விற்றது' என்று போட்டுவிடுகின்றன. அது தவறு. ஒரே சோதனையில் ஒருவர் மூன்று துப்பாக்கி வாங்கலாம். பல மாநிலங்களில் தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் சோதனையே கிடையாது. இன்னொரு பக்கம், கென்டக்கி மாநிலம் துப்பாக்கியை மறைத்து ஏந்தும் உரிமம் வைத்திருக்கும் அத்தனை பேரையும் மாதாமாதம் மறுபடி சோதிக்கிறது. அந்த லட்சக்கணக்கான சோதனைகளுக்கும் விற்பனைக்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் தொழில்துறைச் சங்கமான என்.எஸ்.எஸ்.எஃப். உரிமத்துக்கான சோதனைகளைக் கழித்துவிட்டு ஒரு திருத்தக் கணக்கு வெளியிடுகிறது. சங்கத்தின் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் பார்க்க வேண்டும், ஆனால் கழிக்கும் முறை நேர்மையானது, நாங்களும் அதைத்தான் பயன்படுத்தினோம். அதன்படி 2019-ல் 1.32 கோடி, 2020-ல் 2.1 கோடி, 2021-ல் 1.85 கோடி, 2022-ல் 1.64 கோடி, 2023-ல் 1.58 கோடி, 2024-ல் 1.52 கோடி. நான்கு ஆண்டுகளாக இறங்குமுகம்தான். ஆனாலும் 2024-ன் எண் 2019-ன் எண்ணைவிடப் பெரியது. கடைக்கு வரும் ஆட்கள் உச்சத்திலிருந்து குறைந்திருக்கிறார்கள், பழைய நிலைக்குக் கீழே போகவில்லை.

இப்போது கம்பெனிக் கணக்குக்கு வாருங்கள். பெரிய துப்பாக்கிக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் நிதியாண்டு ஏப்ரலில் முடியும். 2021 ஏப்ரலோடு முடிந்த ஆண்டில் அதன் விற்பனை சுமார் 106 கோடி டாலர், முந்தைய ஆண்டைப்போல இரண்டு மடங்கு. அடுத்த ஆண்டு 86 கோடி. அதற்கடுத்த ஆண்டு, அதாவது 2023 ஏப்ரலில், 48 கோடி. இரண்டே ஆண்டில் பாதிக்கும் கீழே. 2020 ஏப்ரலோடு முடிந்த நிதியாண்டைவிடவும் குறைவு. கடைகளில் 2019-ஐவிட அதிகம் பேர் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஆலையின் விற்பனை மட்டும் எப்படிப் பழைய நிலைக்குக் கீழே போனது? உங்கள் வேலையைத் தீர்மானிக்கப்போவது இந்த இடைவெளிதான்.

ஆலைக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இரண்டு கிடங்குகள் இருக்கின்றன. ஆலை மொத்த வியாபாரிக்கு விற்கும், அவர் சில்லறைக் கடைக்கு விற்பார். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கடை மாதம் 10 துப்பாக்கி விற்கிறது, இரண்டு மாதச் சரக்கு கையில் வைத்திருப்பது அதன் பழக்கம், அதாவது 20. ஒரு மாதம் விற்பனை 15 ஆகிறது. கடைக்காரர் இனி 30 வைத்திருக்க வேண்டும் என்று நினைப்பார். விற்ற 15-ஐ ஈடுகட்ட வேண்டும், கையிருப்பில் 10 கூட்ட வேண்டும், ஆக 25-க்கு ஆர்டர் போடுவார். விற்பனை கூடியது ஒன்றரை மடங்கு, ஆர்டர் கூடியது இரண்டரை மடங்கு. அப்புறம் பரபரப்பு அடங்கி விற்பனை 12-க்கு வருகிறது. இப்போது 24 இருந்தால் போதும், கையில் 30 இருக்கிறது. அந்த மாதம் அவர் போடும் ஆர்டர் வெறும் 6. விற்பனை பழைய 10-ஐவிட இன்னும் கூடுதல்தான், ஆர்டரோ பழையதைவிட நாற்பது சதவீதம் குறைவு. மொத்த வியாபாரியும் இதே கணக்கைத் தன் பங்குக்குப் போடுவார். ஆலை போடும். ஆலைக்குப் பாகம் செய்து கொடுக்கும் நாங்கள் வரிசையின் கடைசி. சாட்டையைப் பிடித்த கை அரை அடி அசைந்தால் நுனி ஆறு அடி வீசும், நாங்கள் நின்றது அந்த நுனியில்.

இதில் இன்னொன்றும் உண்டு. சரக்குக் கிடைக்காத காலத்தில் கடைக்காரர்கள் ஒரே துப்பாக்கியை நான்கு மொத்த வியாபாரிகளிடம் ஆர்டர் போடுவார்கள். யார் முதலில் அனுப்புகிறாரோ அவரிடம் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் ரத்து செய்வார்கள். ஆலையின் புத்தகத்தில் அது நான்கு ஆர்டராக நிற்கும். 2020-ல் பேக்-ஆர்டர், அதாவது இன்னும் அனுப்பாமல் நிற்கும் ஆர்டர், மலைபோலக் குவிந்தது என்று எல்லாக் கம்பெனிகளும் பெருமையாகச் சொன்னார்கள். அந்த மலையில் பாதி நிழலாக இருக்கலாம் என்று அப்போது யாரும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

அந்த ஆண்டின் காட்சி ஒன்று சொல்கிறேன். 2020 கோடையில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு எங்கள் விற்பனைப் பிரிவு நண்பரோடு போனேன். கவுன்ட்டருக்குப் பின்னால் சுவர் முழுக்க நீளத் துப்பாக்கிகளைச் சாய்த்து வைக்கும் மரத் தாங்கிகள். அதில் இருந்தது நான்கோ ஐந்தோ. கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள் இருந்த இடத்தில் விலைச்சீட்டுகள் மட்டும் கிடந்தன. 9 எம்.எம். தோட்டாப் பெட்டிகள் இருந்த அலமாரியில் 'ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி, நாளைக்கு ஒரு முறை' என்று கையால் எழுதிய அட்டை. கவுன்ட்டரின் ஓரத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி 4473 படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எந்த மாதிரி வேண்டும் என்று கடைப் பையன் கேட்டதற்கு, "எது இருக்கிறதோ அது" என்றார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பதிலைத் தான் கேட்டதில்லை என்று கடைக்காரர் சொன்னார். மார்ச்சில் தொற்றுப் பயம், கோடையில் ஜார்ஜ் ஃபிளாய்ட் மரணத்துக்குப் பின் எழுந்த போராட்டங்களும் கலவரங்களும், நவம்பரில் தேர்தல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்த ஆண்டு அது.

தோட்டாவின் கதை இதைவிடக் கடுமை. 2019-ல் 20 சென்ட் சுற்றி விற்ற 9 எம்.எம். தோட்டா, 2020-21 குளிர்காலத்தில் 60, 70 சென்ட்டுக்குப் போனது. தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் என்ற சின்ன வெடிமூட்டியை அமெரிக்காவில் பெரிய அளவில் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்: ஃபெடரல், சி.சி.ஐ., வின்செஸ்டர், ரெமிங்டன். அதில் ரெமிங்டன் அந்த நேரத்தில் திவாலாகிக் கிடந்தது. பிரைமர் ஆலையை ஆறு மாதத்தில் கட்டிவிட முடியாது, அது வெடிமருந்து கையாளும் இடம். ஆனால் தோட்டா சுட்டால் தீரும் பொருள், மறுபடி வாங்கியாக வேண்டும். துப்பாக்கி அப்படியில்லை.

தொழிலின் அடிப்படைச் சிக்கலே இதுதான். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் ஒரு துப்பாக்கி மூன்று தலைமுறைக்கு வரும். தாத்தாவின் ரிவால்வரைப் பேரன் சுடுகிறான். கார் மாதிரி பத்து வருடத்தில் தேய்வதில்லை, போன் மாதிரி மூன்று வருடத்தில் பழசாவதில்லை. அப்படியானால் 2020-ல் அவசரமாக வாங்கிய ஒருவர், 2022-லோ 2023-லோ வாங்கியிருக்க வேண்டியதை முன்கூட்டியே வாங்கிவிட்டார் என்றுதான் பொருள். வருங்கால விற்பனையைக் கடன் வாங்கி நடந்த திருவிழா அது. கடன் திரும்பும் காலத்தைத்தான் மந்தம் என்கிறோம்.

பயம் இந்த அவசரத்தைக் கூட்டுகிறது. தடை வரப்போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் விற்பனை பாய்கிறது. ஒபாமா வென்ற 2008 நவம்பரில் பாய்ந்தது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டபோது, தடை வரும் என்ற எதிர்பார்ப்பில் அடுத்த மாதங்களில் கடைகள் காலியாயின. எங்கள் பட்டறையிலிருந்து அந்த ஊர் காரில் போய்வரும் தூரம்தான். அந்த வாரம் ஆர்டர் தாள்கள் வந்து குவிந்தபோது ஷாப் ஃப்ளோரில் யாரும் அதிகம் பேசவில்லை. அது எனக்கு இன்றும் மறக்கவில்லை. 2013-ல் அமெரிக்க ஆலைகள் ஒரு கோடியே எட்டு லட்சம் துப்பாக்கிகள் செய்தன, 2014-ல் 90 லட்சம். எதிர்ப்பக்கமும் உண்டு: 2016 நவம்பரில் டிரம்ப் வென்றதும் தடை பயம் போனது, விற்பனையும் போனது. தொழிலில் அதற்கு 'டிரம்ப் ஸ்லம்ப்', அதாவது டிரம்ப் மந்தம், என்றே பெயர். திருத்தப்பட்ட சோதனைக் கணக்கு 2016-ல் 1.57 கோடியிலிருந்து 2017-ல் 1.4 கோடிக்கு, பத்துச் சதவீதம் சுற்றித்தான் இறங்கியது. அப்போது அமெரிக்கன் அவுட்டோர் பிராண்ட்ஸ் என்று பெயர் மாற்றியிருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் விற்பனையோ 90 கோடி டாலரிலிருந்து 61 கோடிக்கு, மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. மேலே போட்ட கடைக் கணக்கு வெறும் கற்பனை இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இந்த ஏற்ற இறக்கம் இன்று நேற்று வந்ததும் இல்லை. உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்ததும் ரெமிங்டனுக்கு ஆர்டர் வற்றியது. நியூயார்க் மாநிலத்தில் இலியன் என்ற சிற்றூரில் இருந்த அந்த ஆலை தையல் இயந்திரம் செய்தது, விவசாயக் கருவி செய்தது, 1873-ல் தட்டச்சு இயந்திரம் செய்ய ஒப்பந்தம் போட்டது. நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்த தலைமுறைக்கு ரெமிங்டன் என்றால் துப்பாக்கி நினைவுக்கே வராது. அந்தப் பெயர் தட்டச்சுக்கு வந்தது ஒரு துப்பாக்கி மந்தத்தால்தான். அவ்வளவு முயன்றும் 1886-ல் தட்டச்சுப் பிரிவை விற்றார்கள், அதே ஆண்டு கம்பெனி திவாலானது. முதல் உலகப் போருக்காக நியூ ஹேவனில் ஆலையைப் பெருக்கிய வின்செஸ்டர், போர் முடிந்ததும் அந்த இடத்தை நிரப்ப ரோலர் ஸ்கேட், கத்தி, டார்ச் விளக்கு, குளிர்பதனப் பெட்டி என்று எல்லாம் செய்து பார்த்து, 1931-ல் நொடித்து, ஓலின் குடும்பத்தின் கைக்குப் போனது.

இதிலெல்லாம் நான் உறுதியாக நம்பும் ஒன்று உண்டு. மந்தம் கம்பெனிகளைக் கொல்வதில்லை. உச்சத்தில் இருக்கும்போது எடுத்த முடிவுகள்தான் கொல்கின்றன. ரெமிங்டனையும் ரூகர் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெமிங்டனை 2007-ல் செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கி, இன்னும் பல துப்பாக்கிக் கம்பெனிகளை அதோடு சேர்த்து, கடன்மேல் கடன் ஏற்றியது. 2013-ன் உச்சத்தைப் பார்த்துவிட்டு 2014-ல் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில், சுமார் இரண்டாயிரம் பேருக்கு வேலை என்ற வாக்குறுதியோடு, ஒரு பழைய கார் உதிரிபாக ஆலையை எடுத்தார்கள். அந்த எண்ணிக்கையை ஒருபோதும் எட்டவில்லை. 2018 மார்ச்சில் முதல் திவால், அதில் 70 கோடி டாலருக்கும் மேல் கடனைக் கழித்தார்கள். 2020 ஜூலையில் இரண்டாவது திவால். வருடத்தைக் கவனியுங்கள். நாடு முழுக்கக் கடைகள் காலியாகி, எதைச் செய்தாலும் விற்கும் என்ற மாதங்களில் அமெரிக்காவின் மிகப் பழைய துப்பாக்கிக் கம்பெனி துண்டுதுண்டாக ஏலம் போனது. தோட்டாப் பிரிவை விஸ்டா என்ற கம்பெனி வாங்கியது, மார்லின் பிரிவை ரூகர் வாங்கியது. இலியனில் 580 பேருக்கும் மேல், பணிநீக்கத் தொகை ஒரு சென்ட் இல்லாமல் அந்த அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். புதிய உரிமையாளர்கள் ஆலையை மறுபடி திறந்தார்கள், பிறகு 2024 மார்ச்சில் ஒரேயடியாக மூடி, ஜார்ஜியாவுக்குப் போனார்கள். எட்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. 1816-ல் தொடங்கிய கம்பெனியை நம்பி ஆறேழு தலைமுறை வாழ்ந்த ஊர். தவறு செய்தவர்களும் விலை கொடுத்தவர்களும் வேறு வேறு ஆட்கள் என்பதை இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்லாமல் விட முடியவில்லை.

ரூகர் கடன் வாங்குவதில்லை. பங்குதாரருக்கு நிலையான ஈவுத்தொகை கொடுப்பதில்லை, காலாண்டு லாபத்தில் சுமார் நாற்பது சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். லாபம் குறைந்தால் ஈவும் தானாகக் குறையும். மொத்த வியாபாரிகளின் கிடங்கில் தன் சரக்கு எவ்வளவு இருக்கிறது, அங்கிருந்து கடைகளுக்கு எவ்வளவு போனது என்று பார்த்துப் பொதுவில் சொல்கிறார்கள். அதன் விற்பனை 2021-ல் 73 கோடி டாலர், 2023-லும் 2024-லும் 54 கோடி சுற்றி. இறங்கியதுதான், ஆனால் 2019-ன் 41 கோடிக்கு இன்னும் நல்ல உயரத்தில் நிற்கிறது. 2024-ல் அதன் துப்பாக்கி விற்பனையில் கால் பங்குக்கு மேல் புதிய மாடல்களிலிருந்து வந்தது. ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவரை மறுபடி கடைக்கு வரவைக்க அதைவிட்டால் பெரிதாக வழியில்லை.

எங்கள் பட்டறையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2021 தொடக்கத்தில் எக்ஸ்ட்ராக்டருக்கு ஆர்டர் குவிந்தது. சுட்ட தோட்டாவின் கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் சிறு கொக்கி அது, சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. இரண்டு ஸ்விஸ் டைப் லேத்துகளைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். ஐந்து வருடக் குத்தகை. இரண்டாவது ஷிப்ட் தொடங்கினோம், ஆறு பேரைப் புதிதாக எடுத்தோம். 2022 கோடையில் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: மீதமுள்ள டெலிவரியை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைக்கவும். ரத்து என்ற வார்த்தையே அதில் இல்லை. அடுத்த காலாண்டில் மறுபடி அதே வரி. வெப்பப் பதனம் முடிந்த பாகங்கள் நீலப் பிளாஸ்டிக் தொட்டிகளில் எண்ணெய் வாசத்தோடு சுவரோரம் அடுக்கிக்கொண்டே போனது. ஒரு தொட்டியில் எட்டாயிரம் பாகம், எழுபதுக்கும் மேல் தொட்டிகள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டாவது ஷிப்டை நிறுத்தினோம். புதிதாக எடுத்த ஆறு பேரில் ஐந்து பேர் போனார்கள். அவர்களில் ஒருவர் எங்களை நம்பி வேறு ஊரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். என் கணக்கில் இருந்த பிழை சின்னதுதான். வாடிக்கையாளரின் ஆர்டரைப் பார்த்தேன், கடையின் விற்பனையைப் பார்க்கவில்லை.

இனி, உறுதியில்லாத இடங்கள். 2020-ல் எத்தனை பேர் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள்? தொழில்துறைச் சங்கம் கடைக்காரர்களிடம் கேட்டுப் போட்ட மதிப்பீடு 84 லட்சம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மக்களிடம் நேரடியாகக் கேட்டு நடத்திய ஆய்வொன்று, 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை 75 லட்சம் பெரியவர்கள் புதிதாகத் துப்பாக்கி உரிமையாளர் ஆனார்கள் என்றது, அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். முறையும் காலமும் வேறு, ஆனால் எண்கள் ஒரே திசையைக் காட்டுகின்றன. புதியவர்கள் பெரிய அளவில் வந்தார்கள் என்பது நம்பத்தக்கது. அவர்கள் இரண்டாவது துப்பாக்கி வாங்குவார்களா என்பதுதான் சந்தேகம். வேட்டைக்கோ குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கோ வாங்கியவர் அடுத்தடுத்து வாங்குவார். பயத்தில் வாங்கியவர் அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு மறந்துவிடலாம். அது எந்தப் பக்கம் சாயும் என்று உறுதியாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

அரசியலை மட்டும் வைத்து அடுத்த அலையைக் கணிப்பதும் எனக்கு முன்புபோல நம்பிக்கை தரவில்லை. 2021-ல் பைடன் வந்தார், உயர்வு நிலைக்க வேண்டியது, ஆனால் அந்த ஆண்டிலிருந்தே இறங்கியது. விலைவாசி ஏறி, வட்டி ஏறி, வீட்டுச் செலவு போக மிச்சம் இல்லாதபோது 600 டாலருக்கு இரண்டாவது கைத்துப்பாக்கி வாங்கும் எண்ணம் தள்ளிப்போகும். 2024 தேர்தலுக்குப் பிறகும் மந்தம் தொடர்ந்தது, 2025 ஏப்ரலோடு முடிந்த ஆண்டில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மறுபடி 47 கோடி டாலரில் வந்து நின்றது. இதில் அரசியல் எவ்வளவு, பணவீக்கம் எவ்வளவு, 2020-லேயே வாங்கி முடித்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நேர்மையான வழி இல்லை. சந்தையின் சில மூலைகள் தனி வழியில் போகின்றன. சத்தம் குறைக்கும் சப்ரஸருக்கு 1934 முதல் இருந்த 200 டாலர் வரியை 2026 ஜனவரி முதல் பூஜ்யம் ஆக்கிச் சட்டம் வந்திருக்கிறது. அந்தப் பாகங்களைச் செய்யும் பட்டறை என்றால் கணக்கு வேறு.

பலருக்குத் தெரியாத ஒரு விளைவு இருக்கிறது. 1937-ன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் மத்திய வரி உண்டு. அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது, சதுப்பு நிலம் காக்கவும் மான், வான்கோழி எண்ணிக்கையைப் பராமரிக்கவும். உச்ச ஆண்டுகளின் வசூலால் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் கொடுக்க முடிந்தது. துப்பாக்கி மந்தமானால் அந்த வரியும் மெலியும், பறவைகளுக்கான பணம் குறையும்.

தொழிலின் வரைபடமும் மாறிவிட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1852-ல் தொடங்கிய கம்பெனி, 2023-ல் தலைமையகத்தை ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து டென்னசியின் மேரிவில்லுக்கு எடுத்துப் போனது. ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு பகுதி வேலைதான் மிச்சம். கோல்ட் என்ற துப்பாக்கிக் கம்பெனி 2021-ல் செக் நாட்டின் சி.இஸட். குழுமத்துக்குப் போனது. ஃபெடரல், சி.சி.ஐ., ரெமிங்டன் தோட்டாக்கள் 2024 நவம்பரில் செக்கோஸ்லோவாக் குரூப் என்ற இன்னொரு செக் குழுமத்துக்கு, 222 கோடி டாலருக்கு. ராணுவ ஆர்டரும் கையில் இருப்பவர்களால் பொதுமக்கள் சந்தையின் பள்ளத்தைத் தாண்ட முடிகிறது. கன் வேலியில் மிச்சமிருக்கும் சிறு பட்டறைகளுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அவர்களிடம் இயந்திரமும் கைத்திறனும் இருக்கின்றன. பக்கத்திலேயே விமான இன்ஜின் தொழில் இருக்கிறது, எலும்பு மருத்துவக் கருவிகள் இருக்கின்றன. எக்ஸ்ட்ராக்டர் செய்த லேத்தில் எலும்புத் திருகு செய்யலாம். தரச் சான்றிதழ் வாங்க ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் வேலை விஷயம். தொழில் அழியப் போவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். நீங்கள் போகும் பட்டறை எப்படிப்பட்டது என்பதே முக்கியம். விற்பனையில் துப்பாக்கியின் பங்கு எவ்வளவு, அதில் ஒரே வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். பாதிக்கு மேல் ஒரே கம்பெனி என்றால் யோசியுங்கள். இயந்திரங்கள் சொந்தமா, குத்தகையா, எந்த வருடம் எடுத்தவை என்று கேளுங்கள். 2021-ல் எடுத்த குத்தகை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதன் பாரம் சம்பளத்தின் மேல்தான் விழும். அவர்கள் சொல்லும் வருமானத்தில் ஓவர்டைமைக் கழித்துவிட்டு உங்கள் வீட்டு வாடகைக்குக் கணக்குப் போடுங்கள், ஓவர்டைம்தான் முதலில் போகும். 2022, 2023-ல் ஆட்களை என்ன செய்தார்கள் என்று, முதலாளியிடம் கேட்பதைவிட, மெஷின் பக்கத்தில் நிற்கும் வயதான ஆள் ஒருவரிடம் கேளுங்கள். எல்லோரின் நேரத்தையும் வாரம் நான்கு நாளாகக் குறைத்து ஒருவரையும் அனுப்பாமல் சமாளித்த பட்டறைகளை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடம் என்றால் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சேரலாம்.

இன்டர்வியூ அன்று ஷாப் ஃப்ளோரைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், நல்ல பட்டறைக்காரர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். முடிந்த பாகங்களை வைத்திருக்கும் இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒவ்வொரு தொட்டியின் மேலும் பாகத்தின் எண், எண்ணிக்கை, முடித்த தேதி எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அந்தத் தேதியைப் படியுங்கள்.